மூளைக்குள் மணி எத்தனை?

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மேல் அவருக்கிருந்த பக்தியைப் பற்றி இந்த வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகிறது. கோயிலில் பூசை முடியாமல் மன்னர் வாயில் பருக்கை வைக்க மாட்டாராம். மதுரையில் இருக்கும் நாட்களில், இங்கே பூசை முடிந்தது அவருக்கு எப்படித் தெரியும்? வழிநெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் மணி தொங்கவிட்டார்கள். கோயில் மணி காதில் விழுந்ததும் முதல் மண்டபத்தில் மணி அடிப்பார்கள். அது கேட்டதும் அடுத்ததில். இப்படி ஓசை கைமாறிக் கைமாறி மதுரைக்குப் போய்ச் சேரும். கட்டபொம்மனுக்கும் திருச்செந்தூருக்கும் இதே கதையைச் சொல்வார்கள்.

கதை எந்த அளவுக்கு வரலாறு என்பது இருக்கட்டும், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். காற்றில் ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும். எங்கும் நிற்காமல் ஓடினாலே மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்று வைத்துக்கொண்டால் 37 பேர் இடையில் நிற்கிறார்கள். கேட்டு, கையை ஓங்கி, அடிப்பதற்கு ஆளுக்கு ஒரு விநாடி. அதில் இன்னும் அரை நிமிடத்துக்கு மேல். ஆக, அரண்மனையில் மணி ஒலித்து, ‘இப்போது பூசை முடிந்தது’ என்று மன்னர் இலையில் கைவைக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பூசை முடிந்து நாலு நிமிடம் கடந்திருக்கும்.

நம் ஒவ்வொருவரின் ‘இப்போது’வும் இப்படி வந்து சேரும் செய்திதான். மண்டையோட்டுக்குள் இருட்டில் இருக்கும் மூளைக்கு வெளியுலகம் நேரடியாகத் தெரியாது. கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் தோலிலிருந்தும் நரம்புகள் கைமாற்றித் தரும் சைகைகள்தான் அதற்குத் தெரியும். அவை ஒரே வேகத்தில் வருவதில்லை. வழியில் ஒவ்வொரு நரம்பணுவும் அடுத்ததை எழுப்ப நேரம் எடுத்துக்கொள்கிறது.

இந்தத் தாமதம் இருக்கிறது என்பதே வெகுகாலம் யாருக்கும் தெரியாது. அதற்கு ஒரு மனிதர் விலை கொடுத்தார். 1796-ல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் டேவிட் கின்னபுரூக் என்ற உதவியாளரை அவருடைய தலைவர் நெவில் மஸ்கலைன் வேலையை விட்டு அனுப்பினார். தொலைநோக்கியின் கம்பியை ஒரு விண்மீன் கடக்கும் நொடியை, கடிகாரத்தின் டிக் ஒலியைக் காதில் வாங்கியபடி கண்ணால் பார்த்துக் குறிப்பதுதான் வேலை. கின்னபுரூக் குறித்தது தலைவர் குறித்ததைவிட 0.8 விநாடி பிந்தியிருந்தது. அசட்டை என்று முடிவுகட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து ஜெர்மானிய வானியலாளர் பெசல் இந்த விவரத்தைப் படித்துவிட்டு, தேர்ந்த வானியலாளர்களிடையேகூட இப்படி வித்தியாசம் இருப்பதை அளந்து காட்டினார். கண்ணும் காதும் தரும் செய்திகளைச் சேர்த்துவைக்க ஒவ்வொரு மூளையும் தனக்கென்று ஒரு நேரம் எடுத்துக்கொள்கிறது. கின்னபுரூக்குக்குத் தண்டனை கிடைத்தது மூளையின் இயல்புக்காக. 1850-ல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் சைகையின் வேகத்தை அளந்தார். விநாடிக்கு 30 மீட்டருக்குள்தான் இருந்தது. ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

விருதுநகர் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை உணர்ந்து பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். வெறுங்காலோடு நடக்கும்போது சீமைக்கருவேல முள் குத்தினால் என்ன நடக்கிறது என்பதை நிதானமாக நினைத்துப் பாருங்கள். முதலில் ஏதோ தட்டுப்பட்டது என்ற உணர்வு. ஒட்டியே சுருக்கென்று ஒரு குத்தல், அதற்குள் கால் தானாக மேலே வந்துவிடுகிறது. ஒரு விநாடிக்கு மேல் கழித்துத்தான் கண்ணில் நீர் வரவைக்கும் அந்தக் கடுகடுப்பு வந்து சேர்கிறது. குத்தியது ஒரே முள், ஒரே கணம். தொடுகையைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடுகின்றன. சுருக்கென்ற வலியின் இழைகள் அவற்றைவிட மெதுவானவை. கடுகடுப்பைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளோ விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். உள்ளங்காலிலிருந்து அது நடந்தே வருகிறது.

முள்ளில் மட்டும் இந்த வரிசை வெளியே தெரிந்துவிடுகிறது. மற்ற இடங்களில் மூளை அதை மறைத்துவிடுகிறது. ஒரு கையால் மூக்கையும் மற்றொரு கையால் கால் பெருவிரலையும் ஒரே சமயத்தில் தொட்டுப் பாருங்கள். மூக்கின் செய்தி சில மில்லி விநாடிகளில் மூளைக்குப் போய்விடும், விரலின் செய்தி 30 மில்லி விநாடி அளவுக்குப் பிந்தும். ஆனாலும் இரண்டும் ஒன்றாகத் தொட்டதாகவே தெரிகிறது. கடைசியாக வரும் செய்திக்காகச் சிறிது நேரம் காத்திருந்து, எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, அதன் பிறகே ‘இப்போது’ என்று மூளை நமக்கு அறிவிக்கிறது. இந்தக் காத்திருப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி இருக்கலாம் என்று அமெரிக்க நரம்பியலாளர் டேவிட் ஈகிள்மேன் சொல்கிறார்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தேருக்கு முன்னால் தவில் வாசித்துக்கொண்டு போகிறவருக்குப் பக்கத்தில் நின்றால் குச்சி தோலில் விழுவதும் ஓசை எழுவதும் ஒன்றாகவே இருக்கும். 20 மீட்டர் தள்ளி ஒரு வீட்டுத் திண்ணையில் நின்று பாருங்கள், அப்போதும் ஒன்றுதான். உண்மையில் அந்தத் தூரத்தில் ஒலி 60 மில்லி விநாடி பிந்தி வருகிறது, மூளை அதைக் கண்டுகொள்ளாமல் இணைத்துவிடுகிறது. தேர் நகர்ந்து வீதிக் கோடிக்கு, 100 மீட்டருக்கு அப்பால் போனதும் நிலைமை மாறிவிடும். குச்சி மேலே எழும்பிய பிறகு அடி கேட்கும். மூளை காத்திருக்கும் எல்லை அங்கே முடிந்துவிட்டது. வாணவேடிக்கையில் பூ விரிந்து அணைந்த பிறகு வெடிச்சத்தம் வருவதும் இதே கணக்கு.

ஒளி ஒலியைவிடப் பல லட்சம் மடங்கு வேகமானது என்பது எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனால் கதை தலைகீழாகிவிடுகிறது. விழித்திரையில் ஒளி வேதிவினைகளாக மாறி நரம்புச் சைகையாக வெளிவரப் பத்துக் கணக்கான மில்லி விநாடிகள் ஆகும். காதில் ரோமச் செல்கள் அசைந்தவுடனே சைகை கிளம்பிவிடுகிறது. ஆகையால் பக்கத்தில் நடப்பதை மூளை முதலில் கேட்கிறது, தொலைவில் நடப்பதை முதலில் பார்க்கிறது. ஏறத்தாழ பத்து மீட்டரில்தான் இரண்டும் சரிக்குச் சரியாக வந்து சேர்கின்றன.

காத்திருந்து சேர்ப்பதோடு மூளை நிற்பதில்லை, கணக்கைத் திருத்தவும் செய்கிறது. 2006-ல் ஈகிள்மேனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட சோதனை இது. பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு மின்னல் தெரியும், ஆனால் பத்தில் ஒரு விநாடிக்குச் சற்றுமேல் தாமதமாக. திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மூளை அந்தத் தாமதத்துக்குப் பழகி, அழுத்தியதும் மின்னியதும் ஒன்று என்று எடுத்துக்கொண்டது. பிறகு சொல்லாமல் தாமதத்தை நீக்கினார்கள். பலருக்கு, தாங்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே மின்னல் வந்துவிட்டதாகத் தோன்றியது! எது முன், எது பின் என்பதைவிட உறுதியான அறிவு நமக்கு இருக்க முடியாது என்று நினைக்கிறோம். அதையும் மூளை கூட்டிக் கழித்துத்தான் எழுதுகிறது.

இவ்வளவு சிறிய நேரத் துண்டுகளைத் தமிழ் இலக்கணம் வெகு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறது. எழுத்துகளின் ஒலியளவை மாத்திரை என்று வகுத்த தொல்காப்பியம், கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் அதற்கு அளவுகோலாகக் கொடுக்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ‘படு’ என்பதையும் ‘பாடு’ என்பதையும் காது பிரித்தறிவது சில பத்து மில்லி விநாடி வேறுபாட்டை வைத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இதில் தவறுவதில்லை. இமைப்பை அளவாக வைத்ததில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இமை மூடித் திறக்கப் பத்தில் ஒரு விநாடிக்கு மேல் ஆகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து தடவையாவது இமைக்கிறோம். அத்தனை தடவையும் உலகம் இருண்டு போக வேண்டும். இருள்வதை நாம் பார்ப்பதே இல்லை. இமைக்கச் சொல்லும் கட்டளையோடு சேர்த்து, பார்வைப் பகுதியைத் தணித்துவைக்கச் சொல்லும் சைகையையும் மூளை அனுப்பிவிடுகிறது. அந்த இடைவெளி நம் அனுபவத்தில் ஒட்டுப்போடப்படுகிறது.

ஒட்டுப்போட்டதை ஓரளவு கையும் களவுமாகப் பிடிக்க வழி உண்டு. விநாடி முள் டிக் டிக்கென்று தாவும் சுவர்க்கடிகாரத்தை வேறெங்கோ பார்த்துவிட்டுச் சட்டென்று பாருங்கள். முதல் விநாடி நீண்டதாக, கடிகாரம் நின்றுவிட்டதோ என்று எண்ணும்படி இருக்கும். அடுத்த தாவலிலிருந்து சரியாகிவிடும். விழி தாவும்போது காட்சி கலங்குகிறது. அந்தக் கலங்கலை மூளை அழித்துவிட்டு, விழி வந்து நின்ற பிறகு கண்ட காட்சியை முன்தேதியிட்டு அங்கே நிரப்புகிறது. முதல் விநாடிக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது அப்படித்தான். 2001-ல் இதை ஆய்வகத்தில் அளந்து உறுதிசெய்தார்கள்.

மில்லி விநாடியை விட்டு விநாடிக்கும் நிமிடத்துக்கும் வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகடுப்பில் பாலும் சர்க்கரையும் சுண்டிக்கொண்டிருக்கும் சட்டியின் முன் நிற்பவர் கடிகாரம் பார்ப்பதில்லை. கரண்டி ஒரே சீராகச் சுற்றிவருகிறது. அடி பிடிக்காமல் எவ்வளவு நேரம் விடலாம் என்பது கைக்குத் தெரிகிறது. இந்தச் சீரான அசைவில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு விநாடிக்குள்ளான இடைவெளிகளைத் துல்லியமாக எண்ணித் தசைகளுக்குச் சொல்வது அது. பால் திரண்டுவர இன்னும் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு வேறொரு இடத்து வேலை. மூளையின் ஆழத்தில் ஸ்டிரையேட்டம் என்ற பகுதியும் அதற்கு வந்துசேரும் டோபமைன் என்ற வேதிப்பொருளும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. பார்க்கின்சன் நோயில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்துபோகின்றன. நடுக்கமும் தளர்ச்சியும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் அவர்களுடைய விநாடிக் கணக்கும் பிசகுகிறது. குறுகிய இடைவெளி ஒன்றையும் நீண்டது ஒன்றையும் கற்றுக்கொடுத்து, மருந்து இல்லாத நிலையில் திரும்பக் காட்டச் சொன்னால், குறுகியதை நீட்டியும் நீண்டதைக் குறுக்கியும் காட்டுகிறார்கள். வீட்டில் அப்படியொரு பெரியவர் இருந்தால் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. “இவ்வளவு நேரமா?” என்று நாம் கேட்கும் நேரம் அவருக்குள் வேறாக ஓடுகிறது.

உடல் வெப்பமும் இந்தக் கணக்கை மாற்றும். 1930-களில் ஹட்சன் ஹோக்லண்ட் என்ற அமெரிக்க உடலியலாளரின் மனைவிக்குக் கடும் காய்ச்சல். மருந்து வாங்கிவரச் சிறிது நேரம்தான் வெளியே போனார் கணவர். வெகுநேரம் ஆகிவிட்டதாக மனைவி கடிந்துகொண்டார். வேறு யாராவது அதைக் காய்ச்சல் புலம்பல் என்று விட்டிருப்பார்கள். அவர் 60 வரை விநாடிக்கு ஒன்றாக எண்ணச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். காய்ச்சல் ஏறிய நேரங்களில் 40 விநாடிக்குள்ளேயே அந்த அம்மையார் 60 எண்ணி முடித்தார். குளிரில் இதற்கு எதிர்மாறாக நடந்த ஒரு சம்பவமும் உண்டு. 1962-ல் மிஷேல் சிஃப்ர் என்ற 23 வயதுப் பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில், தரைக்கடியில், கடிகாரமில்லாமல் இரண்டு மாதம் தனியே தங்கினார். குகையில் உறைபனி, உடல் எந்நேரமும் சில்லிட்டிருந்தது. மேலே இருந்தவர்களோடு தொலைபேசியில் பேசும்போது விநாடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணிக் காட்டினார். இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. செப்டம்பர் 14-ஆம் தேதி அவரை வெளியே அழைத்தார்கள். அன்றைக்கு ஆகஸ்ட் 20 என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

சிஃப்ருக்குத் தொலைந்துபோன 25 நாட்களை வெப்பம் மட்டும் விளக்கிவிடாது. நடந்து முடிந்த நேரத்தை மூளை எண்ணி வைப்பதில்லை. நினைவில் எவ்வளவு பதிந்திருக்கிறது என்பதைப் பார்த்து ஊகிக்கிறது. இருட்டுக் குகையில் ஒரு நாளிலிருந்து மறுநாளைப் பிரித்துக்காட்ட எதுவும் இல்லை. நினைவில் மடிப்புகள் குறைவு, ஆகவே நாட்களும் குறைவு. விபத்தில் சிக்கியவர்கள் எல்லாம் மெதுவாக நடந்ததாகச் சொல்வது இதன் மறுபக்கம். அதைச் சோதிக்க ஈகிள்மேன் குழு ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலைமேல் விழவைத்தது. தாங்கள் விழுந்த நேரத்தை அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலாக மதிப்பிட்டார்கள். ஆனால் கையில் கட்டியிருந்த கருவியில் வேகமாக மாறிய எண்களை விழும்போது பார்த்து, நின்றபடி படிக்க முடியாததைப் படித்தார்களா என்றால், இல்லை. நேரம் அப்போது மெதுவாகவில்லை. அச்சம் நினைவை அடர்த்தியாக எழுதியதால், பின்னால் நினைக்கும்போது நீண்டு தெரிந்தது.

இனி நாள். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன்பின் பஞ்சாலைகள் பெருகி, ஊரின் பொழுதே ஷிப்ட்டுகளாகப் பிரிந்தது. ஆலைச் சங்கு ஊதினால் உலை வைப்பதும் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவதும் நடந்தன. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் இந்தச் சங்குக்குக் கட்டுப்பட்டதல்ல. பார்வை நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. ஒவ்வொரு அணுவுக்குள்ளும் சில மரபணுக்கள் புரதத்தை உண்டாக்க, அந்தப் புரதம் சேர்ந்து அதே மரபணுக்களை அடக்க, புரதம் சிதைந்ததும் மீண்டும் தொடங்க, ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. ஈக்களில் இந்தச் சுழற்சியைத் துலக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரில் இந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். அந்த மிச்சத்தை அன்றாடம் நேர்செய்வது காலை வெளிச்சம்.

இந்தக் கடிகாரம் பார்ப்பது சூரியனை. இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது. ராஜபாளையம் அதற்கு ஏறத்தாழ ஐந்து பாகை மேற்கே இருப்பதால் இங்கே சூரிய நேரம் கடிகாரத்துக்கு 20 நிமிடம் பிந்தியே ஓடுகிறது. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானோரின் தூக்கத்தை ஆராய்ந்த டில் ரோன்னபெர்க், நாடு முழுக்கக் கடிகாரம் ஒன்றாக இருந்தாலும் உடல்கள் பாகைக்கு நாலு நிமிடம் வீதம் சூரியனைப் பின்பற்றுவதைக் கண்டார்.

அப்படியானால் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரின் உடம்பில் என்ன நடக்கிறது? விடியற்காலை நாலு மணியளவில் உடல் வெப்பம் அன்றைய மிகத் தாழ்ந்த நிலைக்கு இறங்கியிருக்கும். இரவில் சுரக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கவனம் மங்கும் நேரமும் அதுவே. இரைச்சலுக்கும் பஞ்சுத் தூசிக்கும் நடுவே, அறுந்த நூலிழையைக் கண்டு ஓடிப்போய் இணைப்பது அந்த நேரத்தில்தான். காலையில் வெளியே வந்து வீட்டுக்கு சைக்கிளை மிதிக்கும்போது கிழக்கு வெயில் நேராகக் கண்ணில் விழுகிறது. ‘பகல் தொடங்கிவிட்டது’ என்று அது உள்கடிகாரத்துக்கு உத்தரவு போடுகிறது. வீட்டில் கதவைச் சாத்திப் படுத்தாலும் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். உள்கடிகாரத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகர்த்த முடியும். வாரம் ஒரு ஷிப்ட் என்றால், உடம்பு திரும்பத் தொடங்குவதற்குள் அட்டவணை மாறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல், உள்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பொட்டாஷ் ஆலையில் ஷிப்ட்டுகள் வாரந்தோறும் பின்னோக்கி, அதாவது இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்குமாக மாறிவந்தன. சார்லஸ் சீஸ்லர் குழுவினர் அதைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கித் திருப்பி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாறும்படி செய்தார்கள். 1982-ல் வெளியான முடிவின்படி தொழிலாளர்களின் நலமும் மனநிறைவும் கூடின, உற்பத்தியும் கூடியது. உள்கடிகாரம் 24 மணியைவிடச் சற்று நீண்டது என்பதால் தாமதிப்பது அதற்கு எளிது, முந்துவது கடினம். புது இயந்திரமோ செலவோ தேவையில்லாத மாற்றம் இது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை மாற்றி ஒட்டினால் போதும். நம் ஆலைகள் ஒவ்வொன்றும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உள்கடிகார ஆய்வுக்கு இந்தியாவில் முன்னோடியாக இருந்த ஊர் இங்கிருந்து பக்கம்தான். எம்.கே. சந்திரசேகரன் ஜெர்மனியில் எர்வின் பியூனிங்கிடம் பயின்றவர். அவரைச் சேர்த்துக்கொண்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகம், பல ஆண்டுகள் இந்தத் துறையின் பேர்போன இடமாக விளங்கியது. அக்கம்பக்கத்து மலைக்குகை வௌவால்களிடமிருந்து அவர் தொடங்கினார். குகையின் ஆழத்தில் பகலும் இரவும் ஒரே இருட்டு. மாலையானதும் வௌவால்கள் எப்படி நேரம் தெரிந்து கிளம்புகின்றன? கூண்டில் அடைத்த ஒரு வௌவாலை, அதன் கூட்டம் வசிக்கும் குகைக்குள்ளேயே வைத்தார்கள். ஒளி துளியும் படாத நிலையிலும், கூட்டம் பறந்துபோகும் அதே நேரத்தில் அது கூண்டுக்குள் படபடத்தது. கூட்டம் இல்லாத இடத்தில் தனியே வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் வெளியுலகத்திலிருந்து விலகிப் போனது. சூரியனைப் பார்க்காத உயிர், சுற்றத்தைக் கேட்டே பொழுதைத் தெரிந்துகொள்கிறது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகியோர் 1981-ல் இதை வெளியிட்டார்கள்.

அடுத்து மனிதர்கள். பல்கலைக்கழக வளாகத்தில் ஒளியும் ஒலியும் புகாத ஒரு தனியறை அமைக்கப்பட்டது. கடிகாரம், வானொலி, செய்தித்தாள் எதுவும் இல்லை. தன்னார்வலர்கள் நாள்கணக்கில் தனியே தங்கி, தோன்றியபோது விளக்கை அணைத்துத் தூங்கி, தோன்றியபோது எழுந்தார்கள். சிலருடைய தூக்கமும் விழிப்பும் உடல் வெப்பத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து பிரிந்து தனிவழியே போயின. வெப்பம் ஏறத்தாழ ஒரு நாள் சுழற்சியிலேயே நிற்க, அவர்களுடைய ‘நாள்’ அதைவிட வெகுவாக நீண்டது. தங்கியவர்களில் ஒரு பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி, தூக்க விழிப்புச் சுழற்சியோடு இணைந்ததல்ல என்பதையும் இந்தக் குழு 1991-ல் காட்டியது. ஒரே உடம்பு, உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடும் கடிகாரங்கள்.

இத்தகைய அறைக்கு முன்மாதிரி ஜெர்மனியில் ஆன்டெக்ஸ் என்ற ஊரில் யுர்கன் ஆஷாஃப் 1960-களில் அமைத்தது. அங்கே தங்கியவர்களை அவ்வப்போது நேரத்தை ஊகிக்கச் சொன்னார்கள். ‘ஒரு மணி நேரம் ஆயிற்று என்று தோன்றும்போது பொத்தானை அழுத்துங்கள்’ என்பது ஒன்று. 10 விநாடி முதல் 120 விநாடி வரையான குறுகிய இடைவெளிகள் மற்றொன்று. விழித்திருக்கும் நேரம் நீண்ட நாட்களில் மணி நேரமும் அதற்கேற்ப நீண்டது. உண்மையில் ஒரு மணி நேரத்தை வெகுவாகத் தாண்டிய பிறகே பொத்தானை அழுத்தினார்கள். சாப்பாடும் அப்படியே. விழிப்பு எவ்வளவு நீண்டாலும் அதற்குள் மூன்று வேளைதான் உண்டார்கள், வேளைகளுக்கு இடையிலான தூரம் மட்டும் கூடியது, பசியும் அதற்கேற்பவே வந்தது. விநாடிகளோ இந்த நீட்சியில் சேரவில்லை. அவை உடல் வெப்பத்தைப் பின்பற்றின, ஹோக்லண்டின் மனைவி காய்ச்சலில் எண்ணியதைப் போலவே. தாம் எண்ணும் 60 விநாடிகள் சேர்ந்து ஒரு நிமிடம், அப்படி 60 நிமிடங்கள் சேர்ந்து ஒரு மணி நேரம் என்ற பெருக்கல் அந்த அறைக்குள் இருந்தவர்களுக்குச் செல்லுபடியாகவில்லை. அவர்களில் யாருக்கும் எதுவும் பிசகியதாகத் தோன்றவும் இல்லை.